ஒன்பது விமானம், தரையைப் பார்ப்பவர் ஒருவர்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் வான் சாகச நிகழ்ச்சி. கடற்கரைக் கூட்டத்தில் இறங்கத் தெம்பில்லாமல், மயிலாப்பூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றிருந்தோம். தென்னை மரங்களுக்கு மேலே, கடல் பக்கம், சூர்ய கிரண் குழுவின் சிவப்பு வெள்ளை ஹாக் விமானங்கள் ஒட்டிப் பிறந்தவை மாதிரி சாய்ந்து திரும்பின. துணி காயப்போட வந்த நண்பரின் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, இடிச்சுக்கப் போறாங்கடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அணி உடைந்து, இரண்டு விமானங்கள் எதிரும் புதிருமாக வந்து ஒன்றையொன்று தாண்டிப் போயின. அதற்கு அவர் கைதட்டினார்.

பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஒட்டிப் பறக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. பிரிந்து, குறுக்கே பாய்ந்து, மறுபடி சேரும்போது குஷியாக இருக்கிறது. விபத்து வரலாற்றைப் புரட்டினால் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். தாம்பரம் தாண்டி வரும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் அதே வேகத்தில் ஓடி வரும். அந்த ரயிலின் ஜன்னலில் ஒருவர் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியும்; எட்டி வாங்கிவிடலாம் போலிருக்கும். தரையைப் பார்த்தால் இரண்டும் பறக்கின்றன. ஒன்றையொன்று பார்த்தால் இரண்டும் நிற்கின்றன. அதே எக்ஸ்பிரஸ் எதிர்த்திசையில் வந்தால் ஒரு 'விர்' மட்டும்தான். ஜன்னல் எது, ஆள் எது என்று கண் பிடிப்பதற்குள் போய்விடும்.

அணியாகப் பறப்பது முதல் வகை. சூர்ய கிரண் விமானங்களின் இறக்கை நுனிகளுக்கு இடையே சுமார் 5 மீட்டர் இடைவெளி என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் சில கட்டங்களில் 18 அங்குலம் வரை நெருங்குவார்கள். அதாவது ஒருவர் இறக்கை நுனிக்கும் அடுத்தவர் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டுக்கும் இடையே ஒன்றரை அடி. மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் போனாலும், பக்கத்து விமானத்தோடு ஒப்பிட்டால் வேக வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யம். நொடிக்கு ஒரு மீட்டர் என்று மெல்ல நெருங்கினால் 5 மீட்டரைக் கடக்க 5 நொடி ஆகும். பயிற்சி பெற்ற விமானிக்கு அது தாராளமான நேரம். அவர் அதற்குள் பத்துத் தடவை திருத்தியிருப்பார்.

எதிரும் புதிருமாக வரும் ஜோடிக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டும் தலா 600 கி.மீ. என்றால் நெருங்கும் வேகம் 1,200. நொடிக்கு 333 மீட்டர். மெரினா கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒன்றும் நேப்பியர் பாலத்துப் பக்கம் ஒன்றுமாகக் கிளம்பினால், இடையிலுள்ள சுமார் 3 கி.மீ. ஒன்பது நொடியில் தீர்ந்துவிடும். கடைசி ஒரு நொடியில் எதையும் திருத்த முடியாது. அதனால்தான் அந்தக் கட்டத்தை விமானியின் கண்ணை மட்டும் நம்பி விடுவதில்லை. இருவரும் வெவ்வேறு கோட்டில் வருவார்கள், இடையே பக்கவாட்டு இடைவெளி இருக்கும். ஒருவர் தன் கோட்டை விட்டு அசையக் கூடாது; விலக வேண்டிய பொறுப்பு மற்றவருடையது. இருவரும் விலகினால் தெருவில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்கிற கதையாகிவிடும். நாம் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, உரசிக்கொண்டு போன மாதிரி இருக்கும். கூட்டம் எங்கே நிற்கும் என்று தெரிந்தே போட்ட கணக்கு அது. ஒருவிதக் கண்கட்டு வித்தைதான்.

சரி, ஒட்டிப் பறக்கிறவர் எதைப் பார்த்துப் பறக்கிறார்? முன்னால் அல்ல. வானத்தையோ தரையையோ மீட்டர்களையோ அவர் பார்ப்பது அரிது. அவர் கண் முழுக்க, அணியை நடத்திப் போகும் தலைவரின் விமானத்தில் இருக்கும். அந்த விமானத்தின் உடம்பில் இரண்டு புள்ளிகளை முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள். இறக்கை நுனி விளக்கு ஒன்று, உடற்பகுதியில் வரைந்த ஏதாவது அடையாளம் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் இருக்கையிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் தன் இடம் சரி. விளக்கு அடையாளத்துக்கு மேலே ஏறினால் தான் தாழ்ந்துவிட்டோம், முன்னால் நகர்ந்தால் பின்தங்கிவிட்டோம். வலது கை விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கில், இடது கை எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில். இரண்டும் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. கீழிருந்து பார்க்கும் நமக்குப் பாறை மாதிரி அசையாமல் தெரியும் அணிக்குள்ளே ஒவ்வொரு கையும் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

வரிசையின் கடைசியில் இருப்பவர் யாரைப் பார்ப்பது என்பதும் ஒரு கேள்வி. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால், சிக்னலில் பச்சை விழுந்ததும் ஜி.எஸ்.டி. சாலையில் நடப்பதுதான் வானத்திலும் நடக்கும். முதல் வண்டி மெல்ல நகர, பின்னால் போகப் போக இழுப்பும் பிரேக்கும் பெரிதாகிக்கொண்டே போகும். ஒருவர் ஓரடி அசைந்தது கடைசி ஆளுக்குப் பத்தடியாகப் போய்ச் சேரும். எனவே முடிந்தவரை எல்லோரும் நடுவில் உள்ள ஆட்களையும் ஊடுருவித் தலைவரையே குறிவைக்கிறார்கள்.

தலைவருக்கும் கட்டுப்பாடு உண்டு. எஞ்சினின் முழுச் சக்தியையும் அவர் பயன்படுத்தக் கூடாது. திருப்பத்தில் வெளிப்பக்கம் இருப்பவர் அதிக தூரம் ஓட வேண்டும். அவருக்கு எஞ்சினில் மிச்சம் இருக்க வேண்டும். வெடுக்கென்று எதையும் செய்யக் கூடாது. செய்வதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் எப்போதும் ஒரே ராகத்தில். ஸ்டிக்கை எவ்வளவு வேகமாக இழுக்கப் போகிறார் என்பதை அவர் குரலின் நீட்டலிலிருந்தே மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். புளூ ஏஞ்சல்ஸ் ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்பும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பலர் கண்ணை மூடிக்கொண்டு, தலைவர் சொல்லச் சொல்லக் கையால் ஸ்டிக்கை அசைப்பது போலவே அசைப்பார்கள். கச்சேரிக்கு முன் தொடையில் தாளம் போட்டுப் பார்ப்பது மாதிரி.

இதே குழுவைப் பற்றி இன்னொன்று. விமானம் வேகமாக வளையும்போது உடம்பை அழுத்தும் ஜி-விசையில் ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் இருக்க, போர் விமானிகள் காற்று நிரம்பி இறுக்கும் கால்சட்டை அணிவது வழக்கம். புளூ ஏஞ்சல்ஸ் அணிவதில்லை. ஸ்டிக் பிடித்த கையைத் தொடையில் ஊன்றித்தான் அவ்வளவு நுணுக்கமாக ஓட்டுகிறார்கள். கால்சட்டை திடீரென்று உப்பினால் கையைத் தட்டிவிடும். பக்கத்தில் ஒன்றரை அடியில் இன்னொருவர் தலை. ஸ்டிக்கிலும் ஒரு ஸ்பிரிங் மாட்டி, அது சுமார் 18 கிலோ எடைக்கு எப்போதும் முன்னோக்கி இழுக்கும்படி வைத்திருக்கிறார்கள். தளர்வான ஸ்டிக்கைவிட, எதிர்த்து இழுக்கும் ஸ்டிக்கில்தான் கை நடுங்காது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். கயிறு தொய்ந்திருந்தால் மாடு எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது.

ஒட்டிப் பறப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இறக்கைக்குப் பின்னால் காற்று சுழல் சுழலாகக் கிளம்புகிறது. பெரிய விமானம் என்றால் சுழலும் பெரிது. 1966 ஜூன் 8 அன்று கலிஃபோர்னியாவில், ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் பொருத்திய ஐந்து விமானங்களை ஒன்றாக நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்பட்டார்கள். நடுவில் எக்ஸ்.பி.-70 என்ற ராட்சத சோதனை விமானம். அதன் வலது இறக்கை நுனிக்குப் பக்கத்தில் எஃப்-104 ஒன்று. ஓட்டியவர் ஜோ வாக்கர். உலகின் தலைசிறந்த சோதனை விமானிகளில் ஒருவர். சிறிய விமானம் நுனியைத் தொட்டது, சுழலில் சிக்கித் தலைகீழாக உருண்டு பெரிய விமானத்தின் முதுகைத் தாண்டி விழுந்தது, போகிற போக்கில் அதன் வால் துடுப்புகள் இரண்டையும் சீவிக்கொண்டு போனது. வாக்கரும், பெரிய விமானத்தின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். சாகச நிகழ்ச்சி அல்ல, எதிரி இல்லை, மோசமான வானிலை இல்லை. ஒரு புகைப்படம்.

ஆனாலும் நெருக்கத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது, அந்த நெருக்கத்துக்காகக் கொடுக்கும் விலைதான். ஒன்பது பேரில் எட்டுப் பேர் தலைவரை மட்டுமே பார்க்கிறார்கள். தரை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை ஒருவருடையது. அவர் தப்பு செய்தால்?

1982 ஜனவரி 18. அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் குழு நெவாடா பாலைவனத்தில், இந்தியன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நான்கு டி-38 விமானங்கள், தோளோடு தோள் ஒரே வரிசையில், மேலே ஏறி வளைந்து கீழே இறங்கும் லூப். இறங்கும்போது தலைவரின் விமானம் நிமிரவில்லை. மற்ற மூவரும் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தரையில் மோதின, நால்வரும் இறந்தார்கள். தலைவரின் விமானத்தில், மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால்பகுதி ஸ்டெபிலைசர் சிக்கிக்கொண்டது என்றது அதிகாரபூர்வ விசாரணை. மற்ற மூன்று விமானங்களில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்களுடைய ஒழுங்கே அவர்களைக் கொண்டுபோனது.

1995 டிசம்பரில் இதே கதை வேறு விதமாக நடந்தது. ரஷ்ய நைட்ஸ் குழுவின் எஸ்.யூ.-27 விமானங்கள் மலேசியாவின் லங்காவி கண்காட்சியை முடித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் வியட்நாமின் காம் ரானில் இறங்க வந்தன. மேகமூட்டம். முன்னால் ஒரு பெரிய சரக்கு விமானம் வழிகாட்ட, அதை ஒட்டியே இறங்கினார்கள். வழிகாட்டி தப்பித்தது, ஒட்டி வந்தவற்றில் மூன்று மலையில் மோதின, நான்கு விமானிகள் மாண்டார்கள். சாகசம் எதுவும் செய்யாத நேரத்தில், சும்மா தலைவரைத் தொடர்ந்து வந்ததற்கு.

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. பாதித் தீர்வுகள் உண்டு. லூப் உச்சியில் தலைவருக்கு ஒரு 'வாசல்' வைக்கிறார்கள்: இன்ன உயரம் இருந்தே ஆக வேண்டும், வேகம் இன்னதைத் தாண்டக் கூடாது. உயரம் குறைந்திருந்தால் தலைகீழாக இருக்கும்போதே உருட்டி நிமிர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும். 'இழுத்துப் பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை. வேகம் கூடினால் வளைவின் வட்டமும் பெரிதாகும், கீழே இடம் போதாது. 2016 ஜூன் 2 அன்று டென்னசியின் ஸ்மர்னாவில் புளூ ஏஞ்சல்ஸ் விமானி ஜெஃப் கஸ் இறந்தது இப்படித்தான். தனியாக ஓடுபாதையிலிருந்து ஏறி, தலைகீழாகத் திரும்பி இறங்கும் கட்டம்; உயரம் தேவைக்குக் குறைவு, வேகம் தேவைக்கு அதிகம், எஞ்சினுக்குக் கூடுதல் உந்துசக்தி தரும் ஆஃப்டர்பர்னரும் அணைக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

அப்புறம், தரையில் ஓர் ஆள். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் குழுவில் பறப்பவர்கள் ஒன்பது பேர். பத்தாவது எண் கொண்டவர் நிகழ்ச்சி நடக்கும்போது ரேடியோவோடு தரையில் நிற்பார். உயரம் குறைகிறது, பறவைக் கூட்டம் வருகிறது, சம்பந்தமில்லாத விமானம் நுழைகிறது என்றால் குரல் கொடுத்து நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த நிகழ்ச்சி என்பதும் முன்பே முடிவாகிவிடும். மேகத்தின் அடிப்பகுதி போதிய உயரத்தில் இருந்தால்தான் லூப்களோடு முழு நிகழ்ச்சி. அதற்குக் கீழே என்றால் உருளல்கள் மட்டும். 2,500 அடிக்கும் கீழே என்றால் தட்டையாகத் திரும்பித் திரும்பிப் போவது மட்டும். ஆகாயத்தில் ஏறிய பிறகு 'கொஞ்சம் பார்க்கலாமே' என்று சபலப்படுவதற்கு இடமே வைக்காமல், தரையிலேயே எழுதி முடித்துவிடுகிறார்கள்.

எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தப்பிக்கும் வழியும் உண்டு. தலைவரைக் கண்ணிலிருந்து தவறவிட்டால், தேடக் கூடாது. ஊகித்து அங்கேயே இருக்கவும் கூடாது. ரேடியோவில் சொல்லிவிட்டு உடனே தன் பக்கமாக விலக வேண்டும்: இடப்பக்கத்துக்காரர் இடப்பக்கம், வலப்பக்கத்துக்காரர் வலப்பக்கம், நடுவில் பின்னால் இருப்பவர் வேகத்தைக் குறைத்துக் கீழே. அந்த வழிகள் ஒன்றையொன்று வெட்டாதபடி அணியின் வடிவமே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அம்பு, வைரம், அன்னம் என்று நாம் ரசிக்கும் ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் யாருக்கும் தெரியாத ஒரு கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவு மூடிக்கொள்ளும் நேரம், அணி பிரிந்து மறுபடி சேரும் நேரம். பிரிந்தவர்களுக்குத் தலைவர் பக்கத்தில் இல்லை. ஒரே வேகம் என்ற சலுகையும் இல்லை. நேரத்தை நொடிக் கணக்கில் நம்ப வேண்டும். இதற்கு உலகம் மறக்காத உதாரணம் ராம்ஸ்டைன்.

1988 ஆகஸ்ட் 28, மேற்கு ஜெர்மனியில் ராம்ஸ்டைன் அமெரிக்க விமானத் தளம். சுமார் 3 லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். இத்தாலியின் ஃபிரெச்சே ட்ரிகோலோரி குழு பத்து எம்.பி.-339 விமானங்களோடு வந்திருந்தது. அவர்கள் காட்டவிருந்தது 'அம்பு தைத்த இதயம்'. ஒன்பது விமானங்கள் மேலே ஏறி இரண்டாகப் பிரிந்து, புகையால் ஓர் இதயத்தின் இரண்டு பக்கங்களையும் வரைந்துகொண்டு இறங்கி, கீழே கூட்டத்துக்கு முன்னால் ஒன்றையொன்று கடக்க வேண்டும். தனியே போன பத்தாவது விமானம், அந்த இதயத்தின் நடுவே துளைத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி வர வேண்டும். ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம், ஒருவர் குறுக்கே. மூன்று தரப்பும் ஒரே புள்ளிக்கு மேலும் கீழுமாகச் சில நொடி வித்தியாசத்தில்.

தனி விமானத்தில் இருந்தவர் இவோ நுத்தாரெல்லி, அனுபவஸ்தர். அவர் கடக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே, தாழ்வாகவே வந்துவிட்டார். மாரியோ நால்தினியின் விமானத்தில் மோதினார். நால்தினியின் விமானம் பக்கத்தில் இருந்த ஜோர்ஜோ அலெஸ்ஸியோவின் விமானத்தில் மோதியது. ஒன்று ஓடுபாதைக்கு அருகே விழுந்தது. இன்னொன்று அவசர மருத்துவ ஹெலிகாப்டர் நின்ற இடத்தில் விழுந்தது. காயம்பட்டவர்களைத் தூக்கிப் போவதற்கென்று நிறுத்திவைத்த ஹெலிகாப்டர் அது. அதன் விமானி சில வாரங்களில் இறந்தார். மூன்றாவது, நுத்தாரெல்லியின் விமானம், தரையில் மோதித் தீப்பந்தாக வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் புகுந்தது. மோதலிலிருந்து அதுவரை ஏழு நொடி. மூன்று விமானிகளோடு பார்வையாளர்கள் 67 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் தீக்காயப்பட்டார்கள்.

அந்த வீடியோவை நான் சில தடவை பார்த்திருக்கிறேன். கோணம்தான் உறுத்துகிறது. இதயத்தை வரைந்த ஒன்பது விமானங்களும் கூட்டத்துக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தன. அம்பு மட்டும் கூட்டத்தைப் பார்த்து வந்தது. மோதலே நடக்காமல் அந்த ஒரு விமானத்தில் எஞ்சின் கெட்டிருந்தால்கூட, ஒரு பறவை அடித்திருந்தால்கூட, சிதறல் போய் விழும் திசை மக்கள் உட்கார்ந்திருந்த புல்வெளிதான். விமானி எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஜான் டெர்ரி ஓட்டிய டி.எச்.110 விமானம் கூட்டத்தை நோக்கித் திரும்பும்போது உடைந்து சிதறியது. எஞ்சின் ஒன்று வந்த வேகத்திலேயே பறந்து மேட்டில் இருந்தவர்கள் மீது விழுந்தது. அவரும் உடன் பறந்தவரும் தவிர 29 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பிரிட்டன் விதிகளை இறுக்கியது. பல நாடுகள் அடுத்தவன் வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டன. ராம்ஸ்டைனுக்குப் பிறகு ஜெர்மனி மூன்று ஆண்டுகளுக்கு வான் சாகசங்களையே நிறுத்தி வைத்தது. இன்று அநேகமாக எல்லா நாடுகளிலும் அடிப்படை ஒன்றுதான்: விமானத்தின் வேகம் கூட்டத்தின் பக்கம் குறிவைக்கக் கூடாது. அமெரிக்காவில் வேகமான ஜெட் விமானங்கள் சாகசம் செய்யும் கோடு கூட்டத்திலிருந்து 1,500 அடி தள்ளி இருக்க வேண்டும். வேகம் குறைய, 1,000 அடி, 500 அடி என்று தூரம் குறையலாம். வேகத்துக்கேற்ற இடைவெளி, அவ்வளவுதான்.

ராம்ஸ்டைன் இன்னொரு அற்பமான விஷயத்தையும் வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு நரம்பில் குத்திய ஊசிக் குழாயும், ஜெர்மன் ஆம்புலன்ஸ்களில் இருந்த டிரிப் குழாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தீக்காயத்துக்கு முதல் தேவையே திரவம் ஏற்றுவதுதான். ஒரே இடத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் இத்தனை ஆண்டுகளாக இருந்தும், குழாய் முனையை ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மெரினாவில் கடலுக்கு மேலே பறந்ததன் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். கரைக்கு இணையான கோடு, கீழே தண்ணீர். அன்று வானத்தில் 72 விமானங்கள் கலந்துகொண்டன, ஒரு கீறல் இல்லை. தரையில் நிலைமை வேறு. வந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றார்கள். பதினொரு மணி முதல் ஒரு மணி வரை உச்சி வெயில். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காமராஜர் சாலைக்கும் பறக்கும் ரயில் நிலையங்களுக்கும் திரும்பினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். மாலையில் நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது சட்டை உப்புப் பூத்திருந்தது; நிகழ்ச்சி எப்படி என்று கேட்டதற்கு, தண்ணீர் எங்கே கிடைத்தது என்பதை மட்டும் பத்து நிமிடம் சொன்னார். ஒன்பது விமானங்களுக்கு ஆளுக்கொரு வெளியேறும் வழி யோசித்து வைத்திருந்த அதே நாளில்தான் இதுவும்.

இந்தியக் குழுக்களின் கதைக்கு வருவோம். சூர்ய கிரண் 1996இல் கர்நாடகத்தின் பீதரில் தொடங்கியது. முதலில் கிரண் பயிற்சி விமானங்கள். 2006இல் பீதர் அருகே இருவர், 2009இல் ஒருவர் என்று பயிற்சியின்போது இழந்தார்கள். 2011இல் குழு நிறுத்தப்பட்டது. 2015இல் ஹாக் விமானங்களோடு மறுபடி எழுந்தது. 2019 பிப்ரவரி 19, பெங்களூரு யெலஹங்காவில் ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒத்திகையில் இரண்டு ஹாக் விமானங்கள் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். மற்ற இருவர் குதித்துத் தப்பினார்கள். கோயம்புத்தூர் சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் ஹெலிகாப்டர் குழுவும் 2007 ஏரோ இந்தியாவுக்கான ஒத்திகையில் ஒரு விமானியை இழந்திருக்கிறது. கடற்படையின் சாகர் பவன் குழு 2010 மார்ச்சில் ஹைதராபாத் கண்காட்சியில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிரண் விமானத்தை இழந்தது. அது பக்கத்துக் குடியிருப்பில் போய் விழுந்தது; விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

வெளியே பார்த்தாலும் ஒத்திகைதான் அடிக்கடி வருகிறது. 2011 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 60ஆம் ஆண்டு விழா ஒத்திகையில் இரண்டு கிஃபிர் விமானங்கள் கம்பஹா பகுதியில் மோதி ஒரு விமானி இறந்தார். 2015இல் லங்காவியில் இந்தோனேசியக் குழுவின் இரண்டு விமானங்கள் ஒத்திகையில் உரசின. நால்வரும் குதித்துப் பிழைத்தார்கள். 2024 ஏப்ரல் 23 அன்று மலேசியாவின் லூமுட்டில், கடற்படையின் 90ஆம் ஆண்டு அணிவகுப்பு ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேரும் இறந்தார்கள். 2025 மார்ச்சில் பிரான்சின் பத்ரூய் த ஃபிரான்ஸ் குழுவிலும் பயிற்சி மோதல். நல்லவேளை, மூவரும் தப்பினார்கள்.

ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னால் பல மடங்கு பயிற்சிப் பறத்தல் இருக்கிறது, ஆகவே விபத்தும் அங்கே கூடுதலாக இருப்பது எண்ணிக்கைக் கணக்கு. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. புதிய ஊர், புதிய ஓடுபாதை, இன்னும் கைவசமாகாத அடையாளங்கள், அணியில் புதிதாக வந்தவர், நாளைக்கே நிகழ்ச்சி என்ற அவசரம் எல்லாம் ஒத்திகையில்தான் கூடுகின்றன. ரெட் ஏரோஸ் குளிர்காலம் முழுவதும் முதலில் மூன்று நான்கு விமானங்களாகப் பழகி, கடைசியில்தான் ஒன்பதைச் சேர்க்கிறார்கள். வசந்தத்தில் தேர்வு மாதிரி ஒரு நிகழ்ச்சி நடத்திக் காட்டிய பிறகே மக்கள் முன் பறக்க அனுமதி. ஹெலிகாப்டர்களுக்கு இன்னொரு சிக்கல்: இறக்கை உரசினால் சில சமயம் ஊர் வந்து சேரலாம், சுழலும் விசிறி உரசினால் முடியாது. அந்த உயரத்தில் குதிக்கவும் வழியில்லை.

நிரந்தரக் குழுக்களாவது தினமும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் பறக்கிறவர்கள். வாரக் கடைசிக்கு ஒன்றுசேரும் பழைய விமானங்கள்? 2022 நவம்பர் 12 அன்று டாலஸில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்களின் நிகழ்ச்சி. பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வேகமான சண்டை விமானங்களின் வரிசையில் வந்த பி-63 ஒன்று இடப்பக்கமாகச் சாய்ந்து திரும்பி அதன் மேல் மோதியது. ஆறு பேர் இறந்தார்கள். சாய்ந்து திரும்பும்போது விமானத்தின் மூக்கும் இறக்கையுமே கீழே இருப்பதை மறைத்துவிடும். பி-63 விமானியின் கண்ணில் பெரிய விமானம் பட்டிருக்கவே வாய்ப்புக் குறைவு. இரண்டு விமானக் கூட்டத்துக்கும் வெவ்வேறு உயரம் என்று முன்கூட்டியே எழுதிப் பேசி வைத்திருக்கவில்லை. தரையிலிருந்து நிகழ்ச்சியை நடத்தும் 'ஏர் பாஸ்' அப்போதைக்கப்போது ரேடியோவில் சொல்வதையும், பார்த்து ஒதுங்கிக்கொள்வதையும் நம்பியிருந்தார்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறை சொன்னது. நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆள் விடுகிற முறை.

இறங்கிய பிறகு நடப்பது யார் கண்ணிலும் படாது. எஞ்சின் சூடு ஆறுவதற்கு முன்பே எல்லோரும் ஓர் அறையில் கூடி, கீழிருந்து எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்ப்பார்கள். கையெழுத்துக்காகக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு அன்று தெரிந்தது எல்லாம் புகையும் வடிவமும்தான். அறைக்குள் ஓரடி தள்ளிப்போனதையும் அரை நொடி பிந்தியதையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். அங்கே பதவி எடுபடாது, தலைவரும் தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். 2011 மே மாதம் வர்ஜீனியாவின் லின்ச்பர்க்கில் புளூ ஏஞ்சல்ஸ் வைரவடிவ அணி, அனுமதித்த குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. விமானங்களில் கீறல்கூட இல்லை. வேடிக்கை பார்த்தவர்களில் பலர் அன்றைய சிறந்த கட்டம் அதுதான் என்று கைதட்டியிருக்கவும் கூடும். தலைவர் டேவ் காஸ் அந்த வாரமே தாமாகப் பதவி விலகினார். குழு அடுத்த நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பியது.